பிரம்பும் மணலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளின் கல்வியும் ஒழுக்கமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இப்பொருள் பற்றிப் பேச வருவோர் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதனை நான் சொல்லப் போவதில்லை. இம்மாநகரின் தமிழ்ப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். அவ்வாண்டுகளிற் பெரும்பகுதி என் கையில் பிரம்பு இருந்தது. அப்பிரம்பு ஒரு பிள்ளைக்கு என்ன செய்தது என்பதை அறிந்துகொள்ள எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அதனைச் சொல்லவே இம்மேடையில் நிற்கிறேன்.

1988ஆம் ஆண்டு. அப்போது நான் பணியாற்றிய பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. குற்றம் பள்ளியினது அன்று, என்னுடையது. மூன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அவர்களுள் ஒரு சிறுவன். அவன் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்து தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்தவர். அச்சிறுவனிடம் ஒரு கதையைச் சொன்னால், மறுநாள் அதனைச் சற்றும் பிசகாமல் திருப்பிச் சொல்வான். கடைக்கு அனுப்பினால் ஐந்து பொருள்களின் விலையை மனத்தாற் கூட்டி, மீதிக் காசை எண்ணி வாங்கி வருவான். பாடப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் மட்டும் வாயடைத்துப் போவான்.

'கொடி' என்று எழுதச் சொன்னால் கொம்பை வலப்புறமும் காலை இடப்புறமும் போடுவான். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தானாகவே ஊகித்துப் 'படம்' என்பதைப் 'பம்பரம்' என்பான். இவ்வளவு கெட்டிக்காரன் இவ்வளவு எளிய சொற்களைப் படிக்காதது எதனால்? எனக்கு அன்று ஒரே விடைதான் தோன்றியது: திமிர். அவன் மந்தமாக இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அவனுடைய அறிவே அவனுக்குப் பகையாயிற்று.

அடித்தேன். பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதி வரச் சொன்னேன். அவன் முதல் ஐந்து முறை சரியாக எழுதி, ஆறாம் முறை பிழை செய்து, அப்பிழையையே மீதித் தொண்ணூற்று நான்கு முறையும் எழுதி வந்தான்! பிழையை இவ்வளவு உழைத்துப் பயிற்றுவித்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, சொல்வதை எழுதும் நாளில் அவனுக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். அது நடிப்பு என்று அதற்கும் அடித்தேன். அவன் தந்தையை அழைத்துச் சொன்னபோது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் வாத்தியாரையா" என்றார். ஏழாம் வகுப்பில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "படிப்பில் நாட்டமின்மை" என்று என் கையாலேயே எழுதினேன்.

அன்பர்களே, அவனுக்கு இருந்தது என்ன என்பதை அவன் பிறப்பதற்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் முன்னரே ஒரு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பையனின் பெயர் பெர்சி. கணக்கிற் சூரன். ஆயினும் தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் மிகச் சிறந்த மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறினாராம். இன்று இவ்வியல்பைக் குறிக்கும் டிஸ்லெக்ஸியா என்னும் சொல் 1887லேயே செர்மானிய மருத்துவர் ஒருவரால் வழங்கப்பட்டுவிட்டது. எழுதுவதில் வரும் இடரையும் கணக்கில் வரும் இடரையும் இதனோடு சேர்த்துக் கற்றல் குறைபாடு என்று இன்று வழங்குகிறோம்.

குறைபாடு என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார்கள் அஞ்ச வேண்டா. அறிவிற் குறை என்பது இதன் பொருள் அன்று. பேச்சு என்பது குழந்தைக்குத் தானே வருவது. தமிழ் பேசும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு யாரும் இலக்கணம் கற்பித்துப் பேச வைப்பதில்லை. எழுத்தோ, மனித குலம் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த ஒரு கருவி. கற்பித்தாலன்றி அது வாராது. சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கவும், ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய வடிவத்தோடு விரைந்து இணைக்கவும் வேண்டும். சில பிள்ளைகளின் மூளையில் இவ்விணைப்பு எளிதில் அமைவதில்லை. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இத்தகையோர் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் இருந்த என் வகுப்பில் குறைந்தது இருவராவது இருந்திருப்பர். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு எத்தனை பேர் என்று நான் ஒருநாள் இரவு கணக்கிடத் தொடங்கி, முடிக்காமலே விட்டுவிட்டேன்.

அடித்தால் படிப்பு ஏறாதா என்று கேட்பீர்கள். அடியாத மாடு படியாது என்பது நம் ஊர்ப் பழமொழி. மாட்டுக்கு எப்படியோ, அறியேன். படிக்கும் பிள்ளை ஓர் எழுத்தின் ஒலியை மனத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, இரண்டையும் கூட்ட வேண்டும். அதற்கு மனத்திற் சிறிது இடம் வேண்டும். ஆசிரியரின் கை எங்கே உயர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அவ்விடம் இல்லை. அச்சம் அதனைப் பிடித்துக்கொள்கிறது. நல்லபடி படிக்கிற பிள்ளை அச்சத்திலும் ஒருவாறு படித்துவிடும், ஏனெனில் அதற்கு எழுத்து பழகிவிட்டது. முன்னரே தடுமாறுகிற பிள்ளைக்கு அச்சம் இருந்த சிறிதளவையும் பறித்துவிடும். ஆகவே, பிரம்பு பலரிடம் வேலை செய்வதைக் கண்டு, எல்லாரிடமும் வேலை செய்யும் என்று நாங்கள் ஏமாந்தோம். யாருக்கு உதவி மிகுதியாக வேண்டுமோ அவருக்கே அடியும் மிகுதியாகக் கிடைத்தது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி உங்கள் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் என்ன, காலில் கட்டையைப் பிணைக்கும் குட்டை என்ன, தண்டனைகளுக்கு அங்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்திண்ணையில் வேறொன்றும் இருந்தது. ஆற்று மணலைப் பரப்பி, பிள்ளை தன் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதனை உரக்கச் சொல்லும். கண் பார்க்கும், காது கேட்கும், வாய் சொல்லும், விரல் உணரும். அமெரிக்க நாட்டில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரின் ஆய்வைத் துணைக்கொண்டு அன்னா கில்லிங்காம் அம்மையார் 1930களில், படிக்க இயலாத பிள்ளைகளுக்கென ஒரு முறையை வகுத்தார். அதன் அடிப்படையும் இதுவே: பார்ப்பதும் கேட்பதும் சொல்வதும் எழுதுவதும் ஒருங்கே நிகழ்வது, ஓர் ஒலி நன்றாகப் பதிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்கள் பலரைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கச் செய்தவரே. அவர் தம் பணியை முதலில் தொடங்கியது, உதவாதவை என்று ரோமாபுரியில் ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடத்தில். நாமோ திண்ணையிலிருந்து பிரம்பை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, மணலைத் தெருவில் கொட்டிவிட்டோம்.

இனி 2016ஆம் ஆண்டுக்கு வருகிறேன். பணி ஓய்வு பெற்று, இதே குர்லாவில் மாலை வேளையில் நான்கைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாசலில் ஒருவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே தம் பெயரைச் சொன்னார். என் பழைய மாணவன்! தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறார். ஒரு பையை ஒருமுறை பார்த்தால், அளவுகோல் இன்றியே தோலை வெட்டிவிடுவாராம். கணக்கு வழக்குகளை மனைவி எழுதுகிறார். இரயிலில் நிலையப் பெயரைப் படிக்க இயலாததால், எண்ணிக்கொண்டே வந்து இறங்குவது அவர் வழக்கமாம்.

பையன் ஓர் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. படிக்கவில்லை, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வாத்தியாரையா, நீங்கள் அடித்தது எனக்குப் போதவில்லை. இவனையாவது விடாமல் அடித்துப் படிக்க வையுங்கள்."

நான் அவர்மேல் ஓங்கிய கையை அவர் மறக்கவில்லை. அது நியாயம் என்றும், தம்மிடமே குற்றம் என்றும் இருபத்தெட்டு ஆண்டுகள் நம்பி வந்திருக்கிறார். என்னை அவர் நிந்தித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். மொழி வேறு, எழுத்து வேறு. ஆங்கிலத்தில் வயிறு வலப்புறம் இருந்தால் ஓர் எழுத்து, இடப்புறம் இருந்தால் வேறோர் எழுத்து. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தான். இந்தியிலும் மராத்தியிலும் பகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு, அதுவும் அங்ஙனமே. முதல் எழுத்தைப் பார்த்து மற்றவற்றை ஊகிக்கும் அதே வழக்கம். ஒரே சொல் மூன்று விதம். தந்தையின் நோட்டுப் புத்தகத்தையே மீண்டும் பார்ப்பதுபோல் இருந்தது. இவ்வியல்பு குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் படித்திருந்தேன்.

நாம் வாழும் இவ்விடத்திற்கு ஒரு நற்பேறு உண்டு. குர்லாவில் இரயில் ஏறித் தாதர் நோக்கிச் சென்றால் அடுத்த நிலையம் சயான். அங்குள்ள மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென ஒரு தனிப் பிரிவு பல ஆண்டுகளாகப் பணி செய்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் நம்மில் அம்மருத்துவமனைக்குப் போகாதவர் யார்? ஆயினும் இதற்கும் அங்குப் போகலாம் என்பதை அறிந்தவர் சிலரே. இத்தகைய பரிசோதனை ஒரே நாளில் முடிவதன்று. முதலிற் கண்ணும் காதும் பார்ப்பர்; பின்னர் அறிவுத்திறனை அளப்பர்; பின்னர்ப் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சோதிப்பர்; வீட்டு நிலையையும் வினவுவர். பல முறை செல்ல வேண்டியிருக்கும். நாட்கூலி வாங்குவோருக்கு அது எளிதன்று. என் மாணவர் பட்டறையை விட்டு வர இயலாத நாள்களில் அப்பையனை நான் அழைத்துச் சென்றேன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு என்பது இதனை உறுதியாகக் கூறத் தக்க வயது என்பர். அதற்கு முன் சில பிள்ளைகள் தாமதமாகத் தேறுவதும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அலுவலகத்தில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளர்வன நம் பிள்ளைகள். அவர்களிற் பலர் பின்தங்குவது மொழி புரியாமையாலன்றிக் குறைபாட்டால் அன்று. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் நாமே பெயர் சூட்டிவிடலாகாது. சோதித்து அறிய வேண்டும். அச்சோதனையிலும் நமக்கு ஓர் இடர். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் 'டாலி' என்னும் ஆய்வுக் கருவியை வெளியிட்டபோது அது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. அந்நான்கில் தமிழ் இல்லை. தமிழின் பழமையைப் பற்றி ஆண்டுதோறும் இம்மேடையில் முழங்குகிறோம். தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளையைச் சோதிக்க நல்ல கருவி வேண்டும் என்று எந்தச் சங்கமாவது தீர்மானம் இயற்றியதாக எனக்கு நினைவில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலுள்ள 21 குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கும் இருபது ஆண்டுகள் முன்னரே, 1996இல், இந்த மகாராட்டிர மாநிலம் இந்தியாவிலேயே முதன்முதலாக இப்பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் சலுகைகள் அளித்தது: கூடுதல் நேரம், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையாமை, ஒரு மொழிக்குப் பதிலாக வேறு பாடம் முதலியன. அதே 1996இல் மகாராட்டிர டிஸ்லெக்ஸியா சங்கம் தோன்றியது. சென்னையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அத்தகைய சங்கம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. சலுகை என்ற சொல்லைக் கேட்டு, என் பிள்ளை பிச்சையா வாங்க வேண்டும் என்று சினக்கும் தந்தையரை நான் அறிவேன். கண்ணாடி அணிந்து படிப்பது பிச்சையாகுமா?

'தாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். 2007இல் வந்தது. படிக்க இயலாத சிறுவனைத் திருத்துவதற்கென விடுதிப் பள்ளியிற் சேர்க்கிறார் தந்தை. அங்கு ஓர் ஓவிய ஆசிரியர் உண்மையைக் கண்டறிகிறார். இந்நாட்டிற் பலர் இக்குறைபாட்டின் பெயரை அறிந்ததே அப்படத்தால்தான். எனினும் எனக்கு அதில் ஒரு மனக்குறை. அச்சிறுவன் ஓவியத்தில் வல்லவனாகிப் பரிசு பெறுகிறான். பரிசு பெறாத பிள்ளையின் நிலை என்ன? படிக்க இயலாத பிள்ளைகள் எல்லாரிடமும் ஒரு கலை மறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரணப் பிள்ளையாக இருந்துகொண்டே அடிபடாமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு.

ஒழுங்கே வேண்டா என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இப்பிள்ளைகளுக்கு ஒழுங்கு மற்றவர்களைவிட மிகுதியாக வேண்டும். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், இருபது நிமிடம், அதற்குமேல் வேண்டா. பள்ளி முடிந்ததும் இரண்டு மணி நேர டியூஷனுக்கு அனுப்பினால், பகலெல்லாம் தோற்ற பிள்ளை மாலையிலும் தோற்கும். சில பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் உட்காரவே இயலாது. அவர்கள் நின்றுகொண்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அவன் காதுபடச் சொல்வதை நிறுத்துங்கள். காலனியிற் சுவர் மெல்லியது. நீங்கள் அடிப்பதும் திட்டுவதும் அவனுடைய நண்பர்கள் அனைவருக்கும் கேட்கிறது. தாய்மார்களிடம் குறை சொல்லும் மாமியார்களுக்கும் ஒரு சொல்: பிள்ளை படிக்காததற்கு மருமகளின் வளர்ப்பு காரணம் அன்று.

அந்தப் பையனுக்கு வருவோம். குறைபாடு உறுதியாயிற்று. சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இருமுறை பயிற்றுவித்தார். மற்ற நாள்களில் என் வீட்டில் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் மணலைப் பரப்பி வைத்தேன். முதல் நாள் அவன் விரலை வைக்கவில்லை; என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை என்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருந்தாரோ! நானே முதலில் 'அ' எழுதி, வேண்டுமென்றே தவறாக முடித்து, "சரியா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். தமிழ் எழுத்துகள் முழுவதும் வர ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆங்கிலம் இன்னும் மெதுவாக வந்தது. இடையில் ஒரு மழைக்காலம் முழுவதும் கற்றதெல்லாம் மறந்துபோனது போல் இருந்தது. அவன் தாய் அழுதார். 2024 மார்ச்சில் கூடுதல் நேரத்துடன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். முதன்மையாகத் தேறவில்லை, தேறினான். இன்றும் படிப்பதில் வேகம் குறைவுதான்.

அவன் தந்தை மட்டும் மணலில் விரல் வைக்க வெகு நாள் மறுத்தார். மகன் பள்ளிக்குச் சென்ற நேரத்தில் ஒருநாள் தாமாகவே வந்தார். இப்போது நிலையப் பெயர்ப் பலகையில் 'குர்லா' என்பதை மராத்தியிற் படித்து இறங்குகிறார். எண்ணுவதையும் இன்னும் விடவில்லை.

நம் சங்கத்தின் செயற்குழுவிற்கு இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், படிக்கத் திணறும் பிள்ளையை எழுந்து நின்று உரக்கப் படிக்குமாறு பணிப்பதை நிறுத்த வேண்டும். வாரம் ஆறு நாள் வேறிடங்களில் தலைகுனிந்தவன் ஏழாம் நாள் தாய்மொழியிலும் தலைகுனிந்தால், அவனுக்குத் தமிழ் எதற்கு? அடுத்த ஆண்டு விழாவில், மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்குப் பரிசு தருவதுபோல், கேட்ட கதையைத் தன் சொல்லிற் சொல்வதற்கும் ஒரு பரிசு வைக்க வேண்டும். என் பழைய மாணவன் அதில் வென்றிருப்பான்.

வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலை உடையவர்கள் வாருங்கள். சயானுக்குத் துணை வேண்டுமானாலும் வருகிறேன். மதிப்பெண் பட்டியல் வேண்டா. நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள். திருத்தாத, அழிக்காத பக்கங்களாக இருக்கட்டும். குழந்தைகள் பொறுமையிழந்துவிட்டார்கள், நாடகத்திற்குத் திரை தயாராகிவிட்டது.